நடுக்கடலில் ஓர் இல்லறம்

இங்கிலாந்தைச் சேர்ந்த மாரிஸ் – மாரலின் பெய்லி தம்பதியர், இருந்த வீட்டை விற்றுப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டி, 1972இல் நியூசிலாந்து நோக்கிப் புறப்பட்டனர். மாரலினுக்கோ நீந்தவும் தெரியாது!

பசிபிக் பெருங்கடலில், 1973 மார்ச் 4ஆம் நாள் திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. காற்றடைத்த ரப்பர் தோணிகளில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் மிதந்தனர். மழைநீரே குடிநீர், கடலாமையும், ஊக்கைத் தூண்டிலாக வளைத்துப் பிடித்த மீனுமே உணவு. ஏழு கப்பல்கள் இவர்களைக் காணாமலே கடந்து சென்றன. கணவர் மனம் தளர்ந்தபோதெல்லாம், அடுத்துக் கட்டப்போகும் படகைப் பற்றி மாரலின் பேசினார்.

ஜூன் 30 அன்று கொரிய மீன்பிடிக் கப்பலொன்று அவர்களை மீட்டது. பேசியபடியே புதிய படகைக் கட்டி மீண்டும் கடலோடினர்.

ஒருவர் தளர்கையில் மற்றவர் கரையைப் பற்றிப் பேசுதல் – இல்லறமெனும் மரக்கலம் கரைசேர வேறென்ன வேண்டும்?