மூன்றை இரண்டால் வகுத்தால்

மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்றரை. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தக் கணக்கைப் பைத்தான் மொழி நெடுங்காலம் வேறுமாதிரி போட்டது. 3/2 என்று எழுதினால் 1 என்றது, 3.0/2 என்று எழுதினால் 1.5 என்றது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை வெட்டிவிடுவது சி மொழியின் வழக்கம். அங்கே அதற்கு நியாயம் உண்டு. எந்த மாறியில் எந்த வகை எண் இருக்கும் என்று முன்பே அறிவித்துவிடுவதால், என்ன விடை வரும் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். பைத்தானில் அப்படி அறிவிக்க வேண்டியதில்லை. சராசரி பார்க்க ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்தால், 3.0 வந்தால் ஒரு விடை, 3 வந்தால் இன்னொரு விடை. பிழைச் செய்தி எதுவும் வராது. தப்பான எண் சத்தமில்லாமல் அறிக்கையில் போய் உட்கார்ந்துவிடும்.

திருத்திவிட வேண்டியதுதானே என்பீர்கள். ஒரு வாய் டீ குடித்துவிட்டு யோசியுங்கள். பின்னம் வெட்டுப்படும் என்று நம்பியே எழுதப்பட்ட நிரல்களும் இருக்கின்றனவே! பட்டியலின் நடு இடத்தைக் கண்டுபிடிக்க, பக்க எண் போட, இப்படி ஆயிரம் இடங்களில். வகுத்தலைத் திருத்திய அன்றைக்கு அவை எல்லாம் கெடும். மொழி சீராக இருக்க வேண்டும். நேற்று ஓடிய நிரல் இன்றும் ஓட வேண்டும். இரண்டுமே நியாயமான ஆசை. சீரில்லாமல் விட்டுவைத்தால் இனி கற்க வருகிற ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டம் கட்டுவார்கள். திருத்தினால் ஏற்கெனவே எழுதி வைத்தவர்கள் மொத்தமாகக் கட்டுவார்கள். பின்னவர்களின் குரல் உடனே கேட்கும். முன்னவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை.

அதனால்தான் பெரும்பாலும் பழையதே ஜெயிக்கிறது. சி மொழியில் a & b == c என்று எழுதினால், முதலில் b-யும் c-யும் சமமா என்று பார்த்துவிட்டுத்தான் & வேலையைச் செய்யும். யாருமே அதை நினைத்து எழுதுவதில்லை. சி-க்கு முந்திய பி மொழியில் & என்ற ஒரே குறி இரண்டு வேலை பார்த்தது. பிறகு && என்று தனிக்குறி வந்தது. அப்போதே &-இன் முன்னுரிமையை மாற்றியிருக்கலாம். பி-யிலிருந்து மாற்றும் நிரல்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று சி-யைப் படைத்த டென்னிஸ் ரிட்சி அதை இருந்த இடத்திலேயே விட்டார். மாற்றியிருந்தால் நல்லது என்று 1993-இல் அவரே எழுதினார். அதற்குள் சி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பின்னால் வந்த ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டன.

பைத்தான் துணிந்தது. 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு பழைய நிரல்களை உடைக்கும் என்று சொல்லிவிட்டே வந்தது. வகுத்தல் சரியானது. பிரிண்ட் மற்ற ஃபங்ஷன்களைப் போல அடைப்புக்குறி கேட்டது. இவை சில்லறை. பெரிய மாற்றம் எழுத்தில்தான்.

இரண்டாம் பதிப்பில் உரை இரண்டு வகை: பைட்டுகளாக ஒன்று, யூனிகோடாக ஒன்று. இரண்டையும் கலந்தால் பைத்தான் தானாகவே ஒட்டிக்கொடுக்கும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தாக இருக்கும் வரை. ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதித்தவருக்கு நிரலில் குறையே தெரியாது. யாரோ ஒருவர் தன் பெயரைத் தமிழில் உள்ளிட்ட அன்று குப்புற விழும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைட்டு வகை 15 என்று சொல்லும். மூன்றாம் பதிப்பு உரை என்றாலே யூனிகோடு என்றது. பைட்டோடு கலந்தால் முதல் நாளே பிழை காட்டியது. நம் மொழியைப் போன்றவற்றைக் கணினியில் புழங்குகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

ஆனால் ஊர் நகரவில்லை. ஒரு நிரல் பத்து நூலகங்களைச் சார்ந்திருக்கும். மூன்றில் ஓடும் நிரலுக்குள் இரண்டுக்காக எழுதிய நூலகத்தை இழுக்க முடியாது. நூலகம் எழுதியவர் பயனர்கள் நகரட்டும் என்று காத்திருந்தார். பயனர்கள் நூலகம் நகரட்டும் என்று காத்திருந்தார்கள். நிரலை ஒரேயடியாக மாற்றித்தரும் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். நூலகக்காரர்களுக்கு அது உதவவில்லை. ஒரே நிரல் இரண்டிலும் ஓட வேண்டும் என்பது அவர்கள் தேவை. அதற்காகவே ‘சிக்ஸ்’ என்றொரு நூலகம் எழுந்தது (இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு). யூனிகோடு உரையைக் குறிக்க இட்டுவந்து மூன்றில் நீக்கிய ஓரெழுத்து முன்னொட்டை 2012-இல் திரும்பச் சேர்த்ததும் இதற்காகத்தான். 2015-இல் ஓய்வுபெற வேண்டிய இரண்டாம் பதிப்புக்கு 2020 வரை ஆயுள் நீட்டித்தார்கள். பைத்தானைப் படைத்த கைடோ வான் ரோசம் வேலை பார்த்த டிராப்பாக்ஸ் நிறுவனமே தன் கணினிச் செயலியை 2018-இல்தான் மாற்றி முடித்தது.

மாற்றியது தப்பில்லை, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் தப்பு என்பது என் கட்சி. வகுத்தலுக்கு 2001-லேயே மென்மையான வழி இருந்தது. கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தால் அந்தக் கோப்புக்கு மட்டும் புது விதி. பக்கத்துக் கோப்பு பழைய விதியிலேயே இருக்கும். இரண்டும் சேர்ந்தே ஓடும். அவரவர் வசதிப்படி ஒவ்வொரு கோப்பாக மாறிக்கொள்ளலாம். 2018-இலிருந்து ரஸ்ட் மொழி இந்த ஏற்பாட்டையே கொள்கையாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு நூலகமும் தான் எந்த ஆண்டின் விதிப்படி எழுதப்பட்டது என்று அறிவிக்கும். 2015 விதியில் எழுதியதும் 2021 விதியில் எழுதியதும் ஒரே நிரலில் குடித்தனம் நடத்தும். கோ மொழியும் 2024-இல் சுழல் மாறியின் பொருளை இதே வழியில்தான் மாற்றியது.

ஆனால் இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. வகுத்தல் கோப்புக்குள்ளேயே முடிந்துபோகும் காரியம். உரை அப்படியல்ல, ஒரு கோப்பில் பிறந்து இன்னொன்றுக்குக் கைமாறும். புதுக் கோப்பு தரும் புதுவகை உரையைப் பழைய கோப்பு என்னவென்று எடுத்துக்கொள்ளும்? அந்த மாற்றம் எப்படிச் செய்திருந்தாலும் வலித்திருக்கும். அதோடு பிரிண்டையும் மற்ற சில்லறைகளையும் கட்டி அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு உடைக்கும் உரிமையே கிடையாது. எழுதியவர் எப்போதோ கைவிட்ட பக்கமும் இன்றைய உலாவியில் திறக்க வேண்டும். வெறுமையைக் குறிக்கும் ‘நல்’ என்ன வகை என்று கேட்டால், 1995-இல் சொன்னதுபோல் ‘ஆப்ஜெக்ட்’ என்றே இன்றும் சொல்லும். திருத்தலாம் என்று வந்த யோசனை பழைய பக்கங்கள் உடையும் என்பதால் கைவிடப்பட்டது. 2018-இல் ‘ஃப்ளாட்டன்’ என்று ஒரு புது வசதியைச் சேர்க்கப் போனார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரை வைத்திருந்ததால் பயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் ஒரு தளம் உடைந்தது. பெயரை ‘ஃப்ளாட்’ என்று சுருக்கித்தான் சேர்த்தார்கள்.

பைத்தானிலும் கணக்கு முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ‘தமிழ்’ என்பதன் நீளத்தை மூன்றாம் பதிப்பிடம் கேட்டால் 5 என்கிறது; இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. 2014-இல் வந்த ஸ்விஃப்ட் மொழி, சுமக்கப் பழைய மூட்டை இல்லாததால், கண்ணுக்குத் தெரிகிறபடி 3 என்று எண்ணுகிறது. பைத்தானில் இனி அதை மாற்றினால் எழுத்தின் இட எண்ணை நம்பி எழுதிய நிரல் எல்லாம் தடம் மாறும். மாற்றும் பேச்சை யாரும் எடுப்பதாகத் தெரியவில்லை. 3 வேண்டும் என்றால் தனி நூலகம் ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டியதுதான்.