ஒழுகினாலும் நம்ம புல்லட்!

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடியும் நேரம். பொத்தானைத் தட்டியதும் கிளம்பும் புது வண்டிகள் ஷாப்பூர் நகர்ப் பக்கம் பறக்கின்றன. நடுவே எப்போதாவது ஒரு பழைய புல்லட் கண்ணில் படும். அதன் சொந்தக்காரர் மட்டும் அவசரப்படமாட்டார். முன்விளக்கின் மேலுள்ள அம்மீட்டரை உற்றுப் பார்ப்பார். கிக்கரை மெள்ள அழுத்துவார். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரை இழுத்து, கிக்கரை இம்மியளவு கீழே தள்ளி, மறுபடி மேலே வரவிட்டு, அப்புறம்தான் ஓங்கி ஓர் உதை!

பூஜை போலத் தோன்றினாலும் இதற்குக் காரணம் உண்டு. மெத்தனமாக உதைத்தால், பிஸ்டன் உச்சியைத் தாண்டுமுன் தீப்பொறி விழுந்து, எஞ்சின் பின்பக்கமாகத் திரும்பும். கிக்கர் உதைத்தவர் காலையே பதம் பார்த்துவிடும்.

நம் ஊர் வண்டி

இந்த வண்டி நம் திருவொற்றியூரில் பிறந்தது. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. நமது ராணுவத்துக்கு 350 சிசி புல்லட்டுகள் வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957-ல் அவற்றைச் செய்யும் கருவிகளையே வாங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் உற்பத்தி 1970-ல் நின்றுபோயிற்று. 1977-ல் சென்னைப் புல்லட் அந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது. பேரன் பாட்டன் வீட்டுக்குச் சீர் கொண்டுபோன கதைதான்!

குறைகளுக்குப் பஞ்சமில்லை. நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டும். அதிர்வில் நட்டுகள் தளரும். பாயிண்ட் இடைவெளியை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். 1985-ல் ஹீரோ ஹோண்டா வந்து, கொஞ்சம் பெட்ரோலில் வெகுதூரம் ஓடிக் காட்டியபோது, கணக்குப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த ஜாவா, எஸ்டி வண்டிகளுக்கும் இப்படி ஒரு கிறுக்கு உண்டு. கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல்தான்! உதைத்துக் கிளப்பிய பிறகு அதையே மடக்கிக் கியராக மிதிக்க வேண்டும். 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டும் அதன் அபிமானிகள் வண்டியை விடவில்லை.

ஏன் இந்தப் பிடிப்பு?

புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். கூடவே கனமான சக்கரம் ஒன்று உள்ளே சுழல்கிறது. ஆகவே எஞ்சின் நிதானமாக, ஒவ்வொரு வெடியும் தனித்தனியே காதில் விழும்படி ஓடுகிறது. அந்த ஓசையில் ஒரு மாறுதல் கேட்டால், வால்வா, பாயிண்டா என்று பழகியவர் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, கையால் திருத்தக்கூடிய யந்திரம் இது. ஜீடிமெட்லாவின் லேத் பட்டறைகளில் நாளெல்லாம் புஷ்ஷும் வாஷரும் கடைகிறவருக்கு இதில் புரியாதது அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு உட்கார்ந்து, எங்கோ கேட்ட தட்டலை நிறுத்திவிட்டால், வண்டி பணம் கொடுத்து வாங்கிய பொருளாக மட்டும் இருப்பதில்லை. அவருடைய கைவேலையாகவும் ஆகிவிடுகிறது. குறையே இல்லாத வண்டி எசமானனைத் தேடுவதில்லையே!

ஆனால் அபிமானம் வேறு, அஜாக்கிரதை வேறு. பழைய டிரம் பிரேக் இன்றைய லாரி நெரிசலுக்காகச் செய்யப்பட்டதல்ல. மனைவி மக்களை ஏற்றுமுன் பிரேக்கையும் கேபிளையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இன்றைய புல்லட்டில் கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. கிளப்பவும் பொத்தான்தான். ஓட்டுபவருக்குச் சௌகரியமே, குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் காதால் கேட்டே பாயிண்ட் வைத்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிகளை விரும்பும் இளைஞர்கள் இப்போதே அவர்கள் பட்டறையில் போய் உட்கார்ந்து அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும். வண்டி இருந்து வித்தை போய்விட்டால், உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும்!