மழை விட்ட பிறகு எத்தனை ரன்?

திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தில் ஆனி மாத மழையை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இந்தப் பக்கத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை முன்னாலேயே வாங்கிக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது காற்று. ஆனாலும் பகலெல்லாம் வெயில் வறுத்தெடுத்த நாளில், சாயங்காலம் சிறுமலைப் பக்கம் திடீரென்று கறுத்துக்கொண்டு வரும். அரை மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மாந்தோப்பில் கடைசிக் காய் பறிப்பவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டம் நடக்கும் நாளாக இருந்தால், ஊழியர்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு பிட்சை நோக்கி ஓடுவார்கள்.

மழை விட்டதும் நடுவர்கள் தரையைக் காலால் அழுத்திப் பார்ப்பார்கள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு எண் அறிவிக்கப்படும்: இனி இத்தனை ஓவர், இத்தனை ரன். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்த எண்ணை நம்புவார்கள், மீதிப்பேர் திட்டுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்வி பல வருடங்களாக உண்டு. கணிதம் எதற்குப் பயன்படும் என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் இந்த எண்ணைத்தான் காட்டுகிறேன். நடக்காமலே போன ஒரு விஷயம், நடந்திருந்தால் எப்படி நடந்திருக்கும் என்று அது சொல்கிறது.

ஐ.பி.எல்.லில் மழை பெய்தால் கணக்கு இங்கிலாந்திலிருந்து வருகிறது: டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறை. நத்தத்தில் மழை பெய்தால் கணக்கு திருச்சூரிலிருந்து வருகிறது. டி.என்.பி.எல். பின்பற்றுவது வி.ஜே.டி. முறை. அதை உருவாக்கிய வி. ஜெயதேவன் ஒரு சிவில் இன்ஜினியர். திருச்சூர் மாவட்டம் பீச்சியில் இருக்கும் கேரள அரசின் பொறியியல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். நம் உள்நாட்டுப் போட்டிகளில் மழைக் கணக்கு அவருடையதுதான்.

இந்தக் கணக்குகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு 1992-ஐ நினைத்துப் பார்த்தால் போதும். மார்ச் 22, சிட்னி, உலகக்கோப்பை அரையிறுதி. இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிட மழை. இரண்டு ஓவர் போயிற்று. திரும்பி வந்தபோது ஒரு பந்து மிச்சம், இலக்கிலோ ஒரே ஒரு ரன்தான் குறைந்திருந்தது. அப்போதிருந்த விதி, முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழித்துவிடச் சொன்னது. தென்னாப்பிரிக்காவின் பிரிங்கிள் அருமையாகப் பந்துவீசியிருந்தார். அந்த ஓவர்கள்தான் கழிந்தன. நன்றாகப் பந்து வீசியதற்கே தண்டனை. அன்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்தக் கசப்பு இன்னும் போயிருக்காது.

அதற்கு முன்பு சராசரிக் கணக்குதான் வழக்கம். ஊர் டென்னிஸ் பால் போட்டிகளில் இன்றைக்கும் அதுதான். ஒரு அணி 50 ஓவரில் 250 எடுத்தது. மழையால் அடுத்த அணிக்கு 20 ஓவர்தான் கிடைத்தது. ஓவருக்கு ஐந்து வீதம் 100, ஜெயிக்க 101. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அணியிடம் பத்து விக்கெட்டும் அப்படியே இருக்கிறது. 50 ஓவருக்குப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டிய விக்கெட்டை 20 ஓவரில் தாராளமாகச் செலவழிக்கலாம். 101 அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பிராங்க் டக்வொர்த் புள்ளியியலாளர், டோனி லூயிஸ் கணித விரிவுரையாளர். அவர்கள் செய்தது ஒரு சொல் மாற்றம் என்று சொல்லலாம். ஓவரை எண்ணுவதை விட்டுவிட்டு, அணியின் கையிருப்பை எண்ணினார்கள். கையிருப்பில் இரண்டு சரக்கு: மிச்சமுள்ள ஓவர், மிச்சமுள்ள விக்கெட். இரண்டையும் சேர்த்து ஒரு சதவீதம். அவர்கள் வெளியிட்ட அட்டவணையில் 20 ஓவரும் பத்து விக்கெட்டும் மிச்சமிருந்தால் கையிருப்பு 56.6 சதவீதம். ஓவர் கணக்கில் அது 40 சதவீதம்தான். அப்படியானால் 250-க்கு எதிராக இலக்கு 101 இல்லை, 142.

அதே அட்டவணையில் இன்னொரு வரிசை எனக்கு மிகப் பிடிக்கும். இரண்டே விக்கெட் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஓவர் மிச்சம் என்றாலும் 11.9 சதவீதம்; 40 என்றாலும் 11.9; 20 என்றாலும் அதே 11.9. கடைசி இரண்டு விக்கெட்டைக் கொண்டு 20 ஓவர் தாக்குப்பிடிப்பதே கஷ்டம், பிறகு 50 ஓவர் கொடுத்து என்ன பயன்? கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கும் பெரியவருக்கும் இது தெரியும். தெரிந்ததை எண்ணாக எழுதிக் காட்டியதுதான் கணிதம் செய்த வேலை. அடியில் இருக்கும் வளைகோடு ஒன்றும் புதிதில்லை. டம்ளரில் ஊற்றிய காபி ஆறுவதைக் கணக்கிட உதவும் அதே அடுக்குக்குறிச் சார்புதான். மிச்ச ஓவர் கூடக்கூட ரன் கூடும், ஆனால் ஒவ்வொரு கூடுதல் ஓவரும் முந்தையதைவிடக் கொஞ்சம் குறைவாகவே சேர்க்கும். கடைசியில் ஒரு மட்டத்தில் தேங்கும். விக்கெட் குறையக்குறைய அந்த மட்டம் தாழும். இந்த முறை முதன்முதலில் 1997-ன் முதல் நாளில், ஹராரேயில் ஜிம்பாப்வே-இங்கிலாந்து ஆட்டத்தில் பயன்பட்டது. சிட்னியில் இது இருந்திருந்தால் கடைசிப் பந்தில் ஐந்து ரன் கேட்டிருக்கும் என்கிறார்கள். ஒரு சிக்ஸர் போதும்.

அப்படியானால் ஜெயதேவன் எங்கே குறை கண்டார்?

அந்த வளைகோட்டின் வடிவத்தில். டக்வொர்த்-லூயிஸ் கோட்டை நம்பினால், ஒரு இன்னிங்ஸ் மெதுவாகத் தொடங்கிச் சீராக வேகம் பிடித்துக்கொண்டே போகும். நாம் பார்க்கும் ஆட்டம் அப்படியா இருக்கிறது? இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் ஆறு ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டு பீல்டர்தான் நிற்கலாம். தொடக்கக்காரர்கள் அடித்து நொறுக்குவார்கள். வட்டம் திறந்ததும் ஆட்டம் மட்டுப்படும். சுழற்பந்து வரும், ஒன்றிரண்டாக ஓடுவார்கள். கடைசி ஓவர்களில் மறுபடி வாணவேடிக்கை. ஏறி, தணிந்து, மறுபடி ஏறும் கோடு இது. ஜெயதேவன் இன்னிங்ஸைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ரன் சேரும் விதத்தைப் பார்த்து, இரண்டு வளைகோடுகள் வரைந்தார். 2002-ல் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' ஆய்விதழில் அதை வெளியிட்டார்.

முதலாவது, சாதாரணக் கோடு. தடங்கல் இல்லாமல் ஓடும் ஆட்டத்தில் இத்தனை ஓவர் முடிந்து இத்தனை விக்கெட் போயிருந்தால், மொத்த ரன்னில் எவ்வளவு பங்கு வந்திருக்க வேண்டும் என்று சொல்வது. இரண்டாவது, இலக்குக் கோடு. இதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. ஆட்டம் சுருங்கினால் எந்த அணியும் நிதானமான நடு ஓவர்களை விளையாடாது. முழுக்க அடி ஓவர்களாகவே விளையாடும். ஆகவே ரன் அதிகம் வரும் பகுதிகளை முன்னால் தூக்கி வைத்து, குறைவாக வருவதைப் பின்னால் தள்ளி அடுக்கினார். பத்து ஓவராகச் சுருங்கிய ஆட்டத்துக்கு, அந்த அடுக்கின் மேலிருந்து பத்து ஓவரின் பங்கு.

சிட்னி விதியும் அதிக ரன் வந்த ஓவர்களைத்தான் எண்ணியது என்று நினைவிருக்கும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அந்த விதி அன்றைக்கு அந்த எதிரணி ஆடிய ஓவர்களையே எடுத்துக்கொண்டது; அதனால் பிரிங்கிளின் நல்ல பந்துவீச்சு அவர் அணியையே அடித்தது. ஜெயதேவன் எடுத்துக்கொண்டது எந்த அணிக்கும் பொதுவான ஒரு போக்கு. யாருடைய திறமையும் யாருக்கும் எதிராகத் திரும்பாது. இதைப் புரிந்துகொண்ட நாளில், ஒரு பொறியாளர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

2012-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, டக்வொர்த்-லூயிஸே தொடரட்டும் என்று முடிவு செய்தது. வி.ஜே.டி.யால் பெரிய மேம்பாடு எதுவும் இல்லை என்றார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். டக்வொர்த்-லூயிஸும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பெரிய ஸ்கோர்களில் தடுமாறுகிறது என்று தெரிந்து 2003-லேயே திருத்தினார்கள். பிறகு ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்டெர்ன் பொறுப்பேற்று மீண்டும் திருத்தினார். அதனால்தான் மூன்றாவதாக அவர் பெயர்.

கணக்கு சரியாக இருந்தும் மனிதர்கள் கோட்டைவிட்ட கதையும் உண்டு. 2003 மார்ச் 3, டர்பன். தென்னாப்பிரிக்கா மறுபடி மழையில். எதிரே இலங்கை. 45-வது ஓவரை வீசியவர் நம் முத்தையா முரளிதரன். அந்த ஓவர் முடிவில் 229 வேண்டும் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பவுச்சர் ஐந்தாவது பந்தைச் சிக்ஸருக்கு அடித்து 229-ஐத் தொட்டார். ஜெயித்தாயிற்று என்று நம்பிக் கடைசிப் பந்தைத் தடுத்து வைத்தார். மழை வலுத்தது, ஆட்டம் நின்றது. 229 சமன் செய்வதற்கான எண். வெற்றிக்கு இன்னும் ஒன்று வேண்டும். உலகக்கோப்பையை நடத்திய நாடே வெளியேறியது. தாளில் இருந்த எண்ணில் பிழையில்லை. அதைப் படித்தவர்கள்தான் பிசகினார்கள்.

எந்தக் கணக்கும் தொட முடியாத இடமும் இருக்கிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டாவது அணி குறைந்தது ஐந்து ஓவராவது ஆடியிருக்க வேண்டும். இல்லையென்றால் முடிவே கிடையாது. 2022 டி.என்.பி.எல். இறுதிப் போட்டி கோவையில் அப்படித்தான் மழையில் கரைந்தது. சேப்பாக், கோவை அணிகள் கோப்பையைப் பங்கிட்டுக்கொண்டன. ஐந்து ஓவர்கூட ஆடாத அணியைப் பற்றி எதையும் சொல்ல மறுப்பதையும் நான் அந்தக் கணிதத்தின் நேர்மையாகவே பார்க்கிறேன்.

நத்தத்துக்காரர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கு ஒன்றும் அந்நியமில்லை. தை, மாசியில் மா பூத்திருக்கும்போதே தோப்பைக் குத்தகைக்குப் பேசி முடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. குத்தகைதாரர் வருவார். கல்லாமை எத்தனை மரம், காசா எத்தனை, செந்தூரம் எத்தனை என்று கேட்பார். பூவைப் பார்ப்பார், மரத்தின் வயதைப் பார்ப்பார், போன வருடம் காய்த்த கொப்பா, ஓய்ந்த கொப்பா என்று பார்ப்பார். ஒரு தொகை சொல்வார். நாலு மாதம் கழித்து நடக்கப்போவதற்கு இன்றைக்கு ஒரு எண். ஒருமுறை அப்படி ஒருவரிடம் எப்படி மதிப்புப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “பூவெல்லாம் காயாகாது தம்பி. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு நின்னாலே பெரிசு. பூக்கிற நேரத்துல ஒரு மழ விழுந்தா அதுவும் கருகிப்போகும். எல்லாத்தையும் மனசுல போட்டுக்கிட்டுத்தான் வாயத் தொறப்பேன்” என்றார்.

அவர் மனதில் ஓடுவது முழுமையான ஒரு மாதிரி. ஜெயதேவன் பார்ப்பதைவிட அதிக விஷயங்களை அவர் பார்க்கிறார். ஆனால் தோப்புக்காரருக்கு அந்தக் கணக்கு தெரியாது. சொன்ன தொகை எப்படி வந்தது என்று கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. நம்பலாம், அல்லது வேறு ஆளைப் பார்க்கலாம். மழைக் கணக்கோ எத்தனையோ விஷயங்களைப் பார்க்க மறுக்கிறது. களத்தில் நிற்பவர் அஸ்வினா, நேற்றுத்தான் அணிக்கு வந்த பையனா என்று அதற்குக் கவலையில்லை. ஈரப்பந்து சுழற்பந்து வீச்சாளரின் விரலில் வழுக்குவதும், நனைந்த புல்லில் பந்து ஓடாமல் நிற்பதும் அதில் இல்லை. இவையெல்லாம் ஆட்டத்தை மாற்றக்கூடியவைதான். ஆனால் அவற்றைச் சேர்த்தால், அஸ்வின் எத்தனை ரன்னுக்குச் சமம் என்று யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த முடிவைத் தோற்ற அணி ஒருநாளும் ஏற்காது. மழை வருவதற்கு முன்பே எழுதிவைத்த தாள், ஆள் பார்க்காத தாள், இரண்டு அணியும் கையில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்க்கக்கூடிய தாள் என்பதால்தான் திட்டிக்கொண்டாவது எல்லாரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள்.

இதே போன்ற தாளை நம் ஊர்ப் பையன்களே தயார் செய்ய முடியும். 2025 ஜூலையில் டி.என்.பி.எல். இறுதிப் போட்டியே நத்தத்தில் நடந்தது. திண்டுக்கல் அணி திருப்பூரிடம் 118 ரன் வித்தியாசத்தில் தோற்றதைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள், அடுத்த ஞாயிறே கரட்டோரப் பொட்டலில் மட்டையோடு இறங்கியிருப்பார்கள். டென்னிஸ் பால், பன்னிரண்டு ஓவர், மேடு பள்ளமான தரை. அதற்கு இங்கிலாந்து அட்டவணையும் பொருந்தாது, திருச்சூர் அட்டவணையும் பொருந்தாது. அவர்களுடைய ஸ்கோர் நோட்டுதான் பொருந்தும்.

செய்முறை எளிது. முதலில் ஆடும் அணியின் இன்னிங்ஸை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். துரத்தும் அணி இலக்கைத் தொட்டதும் நிறுத்திவிடும் என்பதால் அதன் ஸ்கோர் நம்மை ஏமாற்றும். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் மூன்று எண் குறிக்க வேண்டும்: மிச்ச ஓவர், கையிலுள்ள விக்கெட், அதற்குப் பிறகு அந்த அணி எடுத்த ரன். எட்டாவது ஓவரில் 50-க்கு நாலு விக்கெட், கடைசியில் 88 என்றால், 'நாலு ஓவர், ஆறு விக்கெட்' என்ற கட்டத்தில் 38. இன்னொரு ஆட்டத்தில் அதே கட்டத்தில் 29 வரும், இன்னொன்றில் 44. ஐம்பது, நூறு ஆட்டம் சேர்ந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சராசரி கிடைக்கும்.

சில கட்டங்கள் காலியாகவே கிடக்கும். பத்து ஓவர் மிச்சமிருக்க ஒரே விக்கெட் கையில் என்ற நிலை நூறு ஆட்டத்தில் ஒருமுறை வந்தால் அதிகம். அங்கேதான் பள்ளிக்கூடத்தில் படித்த வளைகோடு கைகொடுக்கும். கிடைத்த புள்ளிகளை வரைபடத் தாளில் குறித்து, அவற்றின் நடுவே சீராக ஒரு கோடு இழுத்து, காலிக் கட்டத்துக்கு அந்தக் கோடு சொல்லும் எண்ணை எழுதிக்கொள்ளலாம். டக்வொர்த்தும் லூயிஸும் ஜெயதேவனும் செய்த வேலையின் சாரம் இதுதான்.

பத்தாம் வகுப்பு கணக்கு வாத்தியார் ஒருவர் உடனிருந்தால் போதும். நோட்டின் ஓரத்தில் மூன்று பத்தி கோடு போட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மேட்சிலிருந்தே எழுதத் தொடங்கினால், ஐப்பசி மழை இறங்கும்போது ஒரு முதல் அட்டவணை கையில் இருக்கும்.