பற்றுச்சீட்டைக் கேட்க ஒரு நிமிடம்

அம்பாறைக் கரையோரத்தில் ரயிலே ஓடுவதில்லை. கிழக்கில் தண்டவாளம் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் முடிந்துவிடுகிறது. ஆனாலும் சுரங்க ரயில் நமக்குப் புதிதல்ல. வீரமுனை, சம்மாந்துறை, காரைதீவு, கல்முனை ஆகிய ஊர்களிலிருந்து வைத்தியத்துக்கும் யாத்திரைக்கும் துணி கொள்வனவுக்கும் சென்னை போகிறவர்கள் பலர். மத்திய கிழக்கில் உழைப்பவர்களுக்கோ துபாயில் 2009 முதலும், தோஹாவில் 2019 முதலும், ரியாத்தில் 2024 இறுதி முதலும் மெட்ரோ அன்றாடப் பயணமாகிவிட்டது. அங்கே நாம் பயணச்சீட்டோடு பணப்பையையும் திறந்து வைத்துக்கொண்டே நடக்கிறோம். பாவனையாளருக்குச் சட்டம் தரும் உரிமைகள் எல்லாம் சிறிதளவு நேரத்தை நம்பி நிற்பவை. பொருளைப் பார்க்க, விலையை ஒப்பிட, பற்றுச்சீட்டைக் கேட்க நேரம் வேண்டும். வேகமான பயணம் முதலில் பறிப்பது அந்த நேரத்தைத்தான்.

சென்னையின் நீல வழித்தடத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 பெப்ரவரியில் விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை முழுமையாகத் திறக்கப்பட்ட இந்தப் பாதை, சைதாப்பேட்டையை நெருங்கும்போது நிலத்துக்குள் இறங்கி, ஆயிரம் விளக்கு, சென்ட்ரல், மண்ணடி வழியாகப் போகிறது. மண்ணடியில் விடுதிகள் இருக்கின்றன, நடந்துபோகும் தூரத்தில் பர்மா பஜார், அடுத்து வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோடு துணிக்கடைகள். விமானத்தை விட்டு இறங்கியவர் வெயில் படாமலே சந்தைக்கு வந்துவிடலாம். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் தி. நகரின் பனகல் பூங்கா அருகிலும் சுரங்க நிலையம் அமைகிறது. நிலையங்களுக்கு உள்ளேயும் சுவர்களில் விளம்பரம், நடைபாதை ஓரத்தில் கடை. துபாயில் நிலையத்தின் பெயரையே நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். இதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க முடியாது. பயணக் கட்டணம் மட்டும் சுரங்க ரயிலின் செலவைத் தாங்குவது கடினம். ஹொங்கொங்கில் ரயில் நிறுவனமே நிலையங்களைச் சுற்றிக் கட்டடங்களையும் கடைத்தொகுதிகளையும் நடத்தி வருமானம் தேடுகிறது. கடை வாடகை இல்லையென்றால் கட்டணம் உயரக்கூடும் என்பது உண்மையே. எனவே கடைகள் இருக்கட்டும். ஆனால் நம்முடைய அவசரத்தையும் சேர்த்தே அங்கு விலை பேசுகிறார்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அந்த அவசரத்துக்கு எதிரான காவல் இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பற்றுச்சீட்டு தராதிருப்பது நேர்மையற்ற வர்த்தக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. சீட்டில் காலம் குறிக்கப்படாவிட்டால் அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கேட்பது தவறு. நிலையத்துக்குள் ஒரு விலை, வெளியே ஒரு விலை என்று ஒரே பொருளுக்கு இரண்டு விலை அச்சிடுவதும் 2018 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கைபேசி இலக்கம் தந்தால்தான் பில் போட முடியும் என்று வற்புறுத்தக் கூடாதென 2023 மே மாதம் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. இந்திய இலக்கம் இல்லாத நம்மவர்களுக்கு இது மிகவும் பயன்படும். முறையிட 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இணையவழியிலும் மனுச் செய்யலாம், விசாரணையைக் காணொளி மூலம் நடத்தும்படி கேட்கலாம், இரண்டு ஆண்டு வரை காலம் உண்டு, கொடுத்த விலை 5 இலட்சம் இந்திய ரூபாய் வரையென்றால் மனுக் கட்டணமும் இல்லை.

நம் வியாபாரிகள் கவனிக்கவேண்டிய ஆபத்து ஒன்று இங்கே இருக்கிறது. மறுவிற்பனைக்காக வாங்குபவரை அந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. வீட்டுத் திருமணத்துக்குப் பட்டு எடுக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, கடைக்காகப் பொதிகட்டி வாங்குபவருக்குக் கிடைக்காது. அவருக்கு இருப்பது ஒப்பந்தச் சட்டமும் கையிலுள்ள காகிதமும்தான். ஆகவே தரம், எண்ணிக்கை, மாற்றித் தரும் நிபந்தனை ஆகியவற்றைப் பணம் கொடுக்கும் முன்பே சீட்டில் எழுதி வாங்கவேண்டும். கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரிக்குப் பொருளின் பெறுமதியைக் காட்டவும் அதே சீட்டுத்தான் உதவும்.

வாங்குவது அவரவர் விருப்பம், யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லையே என்று சிலர் கேட்கலாம். விருப்பம் என்பது உண்மையைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது. விளம்பரம் பொய் சொன்னால் அந்த விருப்பத்தின் அடித்தளமே உடைந்துவிடுகிறது. அதனால்தான் தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 இலட்சம், மீண்டும் செய்தால் 50 இலட்சம் இந்திய ரூபாய் வரை தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அற்பத் தொகைக்கு யார் முறையிடுவார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒருவருக்கு அது அற்பம்தான். ஆனால் நாளெல்லாம் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் இடத்தில் அந்தச் சில ரூபாய்களே ஒரு கடையின் இலாபமாகின்றன. ஊர் திரும்பிய பிறகு என்ன செய்ய முடியும் என்ற கேள்வி இவற்றைவிட நியாயமானது. தூரத்திலிருந்து வழக்காடுவது சிரமம்தான். ஆதலால் நம்மவருக்கு உரிமையைக் காக்கும் உண்மையான இடம் ஆணையமல்ல, கடை மேசை. பணம் கைமாறும் முன் கேட்கும் கேள்விக்குச் செலவில்லை.

இந்தப் பழக்கம் ஊரிலும் தேவை. சம்மாந்துறையிலும் கல்முனையிலும் சுரங்க ரயில் இல்லாவிட்டாலும், பெருநாள், தீபாவளி நெரிசலும் தவணைக் கட்டண விளம்பரமும் அதே அவசரத்தை உண்டாக்குகின்றன. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் கடமை. குறித்த விலைக்கு மேல் விற்பதும் ஏமாற்றும் விதமாக நடப்பதும் குற்றம். உச்ச சில்லறை விலையை மீறும் தனிநபருக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒரு இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. அதிகார சபையின் அவசர இலக்கம் 1977. ஆனால் எழுத்துமூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் வாங்கிய திகதியை நிரூபிப்பதே பெரும்பாடாகும்.

எனவே பயணம் எவ்வளவு விரைவாக இருந்தாலும் கொள்வனவை மெதுவாகச் செய்வோம். தேவையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவோம். அச்சிட்ட விலையையும் உத்தரவாதக் காலத்தையும் வாசிப்போம். சீட்டைப் படம் பிடித்து வைப்போம். சீட்டுத் தர மறுக்கும் கடையில் பணத்தை எடுக்காமலே வெளியேறுவோம். ஒருவர் அப்படிச் செய்தால் அது பிடிவாதமாகத் தெரியும். ஊரே செய்யத் தொடங்கினால் அதுவே கடையின் வழக்கமாகிவிடும்.