கடல் கடந்த பீரும், ஆறு தாண்டாத கள்ளும்

காரைக்காலுக்கு வடக்கே நண்டலாறு ஓடுகிறது. இக்கரையில் சர்க்கார் ஏலம் விட்ட கள்ளுக்கடை உண்டு. பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே கள் இறக்கினால் குற்றம்!

1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம். அந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. கள் போகவில்லை. தமிழ்நாட்டிலோ கள்ளுக்கடைக்கு 1987-ல் போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. பாட்டில் மதுவைச் சர்க்காரே விற்கிறது என்பது வேறு விஷயம்!

கள்ளின் ருசி என்ன? அது நேரத்தைப் பொறுத்தது. பாளையில் சொட்டும்போது வெறும் இனிப்பு. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் உடனே புளிக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் நுரை பொங்கி, இனிப்பும் புளிப்பும் கலந்து நாக்கைச் சுரண்டும். வேகம் ஏறக்குறைய சாதாரண பீர் அளவு. மேலும் வைத்தால் காடிதான்.

வெள்ளைக்காரர் தங்கள் ‘பேல் ஏல்’ பீரை அந்நாளில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். பல மாதப் பயணம். கெடாமல் இருக்க ‘ஹாப்ஸ்’ என்னும் கசப்புப் பூவை அதிகமாகச் சேர்த்தார்கள். அந்தக் கசப்பையே இன்று உலகம் ரசித்துக் குடிக்கிறது. கள்ளுக்கோ ஒரு நாள்தான் ஆயுள். இறக்கிய ஊரிலேயே தீரவேண்டும்.

குடியால் கெட்ட வீடு இரு கரையிலும் உண்டு. தென்னையும் இரு கரையிலும் உண்டு. பாளை சீவினால் அக்கரையில் வழக்கு, இக்கரையில் கூலி.