ஒளிப்பட்டையில் உயிரின் தடயம்

 1980இல் வானியலாளர் கார்ல் சேகன் வழங்கிய 13 பகுதிகள் கொண்ட ‘காஸ்மாஸ்’ தொடர், புவிக்கு அப்பால் உயிர் உண்டா என்னும் வினாவை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்திருந்தது. அவ்வகை ஆவணப்படங்கள் இன்று காட்டும் அயற்கோள்களின், அதாவது பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின், நீலக் கடல்கள் ஓவியரின் கற்பனையே என்பதைப் பார்வையாளர் அறிவது மிக அவசியம்.

உண்மையான தேடல் ஒளியில் நடக்கிறது. ஒரு கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே செல்லும்போது, அதன் வளிமண்டலத்தை ஊடுருவிவரும் ஒளியில் ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்வதால், ஒளியைப் பிரிக்கும்போது கிடைக்கும் நிறமாலை அந்த வாயுக்களைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு, சுமார் 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி கோளில் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றை 2023இல் இவ்வாறே கண்டது. புவியில் பெரும்பாலும் கடல் நுண்பாசிகளால் உண்டாகும் டைமெத்தில் சல்பைடின் அறிகுறியும் தென்படுவதாக அக்குழு 2025இல் அறிவித்தபோது, அதே தரவுகளை ஆராய்ந்த பிற அறிவியலாளர்கள் சான்று போதாது என மறுத்தனர். திரையில் விரிவாகக் காட்டத்தக்கது இந்த விவாதமே.