அமைதியாகத் தெரியும் அலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள கோவளம் கடற்கரை, 2021-ஆம் ஆண்டு 'நீலக் கொடி' சான்றைப் பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் இச்சான்றுக்கு நீரின் தூய்மை, சுற்றுச்சூழல் மேலாண்மை, விழிப்புணர்வுக் கல்வி, பாதுகாப்பு ஆகிய பிரிவுகளில் 33 அளவுகோல்கள் உண்டு.

கொடியைக் காணும் குடும்பங்கள், கடலே பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சான்று, வரையறுக்கப்பட்ட ஒரு பகுதிக்கு மட்டுமே உரியது. அதன் எல்லைக்கு வெளியே உயிர்காப்பாளர் நிற்க வேண்டும் என்று அது எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

கரையோர உயிரிழப்புகளில், கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் இழுப்பு நீரோட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. அலைகள் மணல்திட்டைத் தாண்டிக் கரையில் சேர்க்கும் நீர் திரும்பிச் செல்ல வழி தேடுகிறது. திட்டில் இடைவெளி உள்ள இடத்தில் ஒடுங்கிய வாய்க்கால்போல் விரைந்து வெளியேறுகிறது. அங்கே ஆழம் கூடுதல் என்பதால் அலை அதிகம் உடைவதில்லை. நுரை குறைவு, நிறம் சற்றுக் கருமை. இருபுறமும் அலைகள் சீற, நடுவே அமைதியாகத் தெரியும் அந்த இடத்தைத்தான் கடல் அறியாதவர் குளிக்கத் தேர்ந்தெடுக்கிறார்.

அவ்வோட்டத்தின் வேகம் சில வேளைகளில் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். எதிர்த்து நீந்தினால் தேர்ந்த நீச்சல்காரரும் களைத்துப்போவார். அது ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டு செல்கிறது. ஆகவே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தைக் கடந்த பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். இயலாதவர் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கோரலாம். ஆனால், நம்மவரில் பலருக்கு நீச்சலே தெரியாது. நனைந்து கனக்கும் புடவையோடும் ஜீன்ஸோடும் மிதப்பதும் எளிதன்று. அவர்களுக்கு முழங்காலளவு நீரே எல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதுவும் வேண்டாம்.

கடலைப் பார்த்தே நீரோட்டத்தை அறியும் திறன் அவ்வூர் மீனவருக்கு உண்டு. வெளியூரிலிருந்து வருபவருக்கு இல்லை. இதைப் பொருளியலில் 'தகவல் சமச்சீரின்மை' என்போம். கட்டணம் செலுத்தி அலைச்சறுக்கு பழகுபவருக்கும் கயாக் படகு செலுத்துபவருக்கும் பயிற்றுநரும் மிதவை அங்கியும் கிடைக்கின்றன. காலை நனைக்க வந்த கூட்டத்துக்கோ எதுவும் இல்லை. பணம் தராதவர் மூழ்கட்டும் என்று எந்த உயிர்காப்பாளரும் இருந்துவிட முடியாது. எனவே கலங்கரை விளக்கத்தைப்போல் அவரது பணியும் ஒரு பொதுப்பண்டம். சந்தை அதைத் தானாக வழங்காது.

காணும் பொங்கலன்று மெரினாவில் காவல் துறை தடுப்புகளை அமைத்துக் குளிப்பதைத் தடுக்கிறது. ஒரு நாளுக்கு அது சரி. ஆண்டு முழுவதற்கும் தேவை பயிற்சி பெற்ற ஆள்களே. கடற்கரை வாகன நிறுத்தக் கட்டணம், விடுதிகள் செலுத்தும் உள்ளாட்சி வரி, நீர் விளையாட்டு உரிமக் கட்டணம் ஆகியவற்றில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி, மீனவ இளைஞர்களை நிரந்தர ஊதியத்தில் அமர்த்தலாம். காவல் உள்ள பகுதியைக் காட்டும் சிவப்பு-மஞ்சள் கொடிகளை அவர்களே நாள்தோறும் காலையில் நட வேண்டும். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் எச்சரிக்கைப் பலகைக்கு அது தெரியாது.